தாளிக்காத நாட்கள்

எங்கள் லைன் வீட்டு வரிசையில் அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் பைப்படிக்குப் போக யாரும் பயந்ததில்லை, என்னைத் தவிர. நான் வீட்டைப் பூட்டி, படியிறங்கி, கண்டிக்குப் போகிற அம்பிட்டிய ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு, மனம் கேட்காமல் திரும்பவும் மேடேறி அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறவன். மற்றவர்கள் பயப்படாததற்குக் காரணம் நடுவீட்டு அக்கா. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு நடுவில் நிற்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்மல். அத்தனை வீட்டுப் புகையும் வந்து சேருகிற இடத்தில், ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பார்.

“ரெண்டாவது வீடு! பருப்பு அடிப்பிடிக்குது!”

மெஷின் நிற்காது. கால் மிதித்துக்கொண்டே இருக்கும். குரல் மட்டும் சுவருக்கு மேலாகப் போகும். ரெண்டாவது வீட்டுப் பெண் பைப்படியில் வாளியைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

“கடைசி வீடு, என்னா இன்னிக்கி நெத்தலியா? புளி பத்தலையே!”

“பத்தலன்னா வந்து நீயே ஊத்திட்டுப் போயேன்!” என்று கடைசி வீட்டு அத்தை அங்கிருந்து கத்துவார். ஆனால் ஊற்றுவார்.

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் மூக்கைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாயே என்று கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு பயம். ஆனால் மூக்கை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுதவும் முடியாது. மூக்குத்தி போட்ட, நுனி கொஞ்சம் அகன்ற, சாதாரண மூக்குதான். அதற்குப் பின்னால்தான் விஷயம் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த மூக்கு சொன்னதை வாய் அப்படியே வெளியே விட்டுவிடும். நடுவில் தடுப்பதற்கு ஒன்றும் கிடையாது.

ரவிக்கை தைக்க வருகிறவர்கள் அளவுக்கு ஒரு பழைய ரவிக்கையைக் கொண்டுவருவார்கள். அக்கா அதை விரலால் தூக்கிப் பார்ப்பார். “தோய்ச்சுக் கொண்டாந்தாத்தான் அளவு தெரியும்” என்பார். அழுக்கு ரவிக்கையில் அளவு ஏன் தெரியாது என்று யாரும் கேட்டதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தோய்த்து, காயவைத்து, கொண்டுவருவார்கள். அதற்காக யாரும் தையலை வேறு இடத்தில் கொடுத்ததுமில்லை.

அவர் புருஷன் கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டர். எங்களுக்கெல்லாம் அண்ணன். சம்பள நாளில் கொஞ்சம் சாராயம் போடுவார். வாசம் தெரியக் கூடாது என்று ஏலக்காயை மென்றுகொண்டு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து கேட்கும்:

“ஏலக்கா வாசம் வருது. எவ்வளவு குடிச்சீங்க?”

பாவம், அந்த மனுஷனைச் சாராயம் ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ஏலக்காய்தான் காட்டிக்கொடுத்தது. அதை விட்டுவிட்டுக் கிராம்பு மென்று பார்த்தார். அன்று, “இன்னிக்கி கிராம்பா?” என்று மட்டும் கேட்டாராம் அக்கா.

எனக்கு அக்கா வைத்த பெயர் வடை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து கண்டி டவுனில் ஒரு சைவக் கடையில் பின்பக்கத்தில் வேலை. காலையிலிருந்து பொழுது சாயும் வரை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பேன். குளித்தாலும் அந்த வாசம் போகாது. அது தோலுக்குள் போய்விட்டது என்று என் மனைவி சொல்வாள். நான் படியேறி வரும்போது அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, “வடை வந்துருச்சு” என்பார். முதலில் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. பிறகு, ஒருநாள் அப்படிச் சொல்லாவிட்டால் நமக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று நானே கையை மோந்து பார்க்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

அந்த அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு, இருபத்தொரு நாள், அதாவது மூன்று கிழமைக்கு ஒருதரம் போய்ப் போத்தலில் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். நான் அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை. அக்கா தூங்கினார். முடி கொட்டியபோது, ஒரு துண்டுத் துணியை வெட்டி, ஓரம் அடித்து, தலையில் கட்டிக்கொண்டார். மிச்சத் துணியில் எங்கள் வீட்டுக்கு ஒரு தலையணை உறை வந்தது.

“முடி போனா மொளைக்கும் வடை. நீ ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க? ஒனக்கா கொட்டுது?”

மூக்கில் ஏதோ நடக்கிறது என்பது ரெண்டாவது போத்தல் ஏற்றிவிட்டு வந்த பின்தான் தெரிந்தது. என் மனைவி வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம்:

“ஏண்டி, டயர எரிக்கிறீங்களா?”

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுடைய தாளிப்பை யாரும் டயர் என்று சொன்னதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் டயர் இல்லை.

மறுநாள் கோப்பி ஊற்றிக் கொடுத்ததற்கு, பழைய செருப்பை அவித்த வாசம் வருகிறது என்றார். தண்ணீரில் ஆணி வாசம். சோறு வடித்த கஞ்சியில் கழுவாத நாய். அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, “நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஒங்க மேல கோவம் இல்ல, ஒங்க சவுக்காரத்து மேலதான்” என்றார். மூக்கு அடைத்துப்போனால் வாசம் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இது அப்படி இல்லை. எல்லா வாசமும் வந்தது, ஆனால் ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. தபால்காரன் எல்லாக் கடிதங்களையும் வீடு மாற்றிப் போட்டுவிட்டுப் போனது மாதிரி.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிவிடுகிற நர்ஸ், எங்களுக்கு மிஸி, அவர்தான் காரணத்தைச் சொன்னார். சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் பேசும். உடம்பில் வேகமாக வளர்வதையெல்லாம் அந்த மருந்து பிடித்து வெட்டுமாம். கட்டியை வெட்டப் போகிற வழியில் முடியையும் வெட்டும், வாய்க்குள் தோலையும் வெட்டும், மூக்குக்குள்ளே வாசம் பிடிக்கிற இடத்தையும் தொட்டுவிடும்.

“அப்படின்னா எம் மூக்கு வேகமா வளர்ற சாதி” என்றார் அக்கா. “எனக்கு முன்னமே தெரியும்.”

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் சும்மா போக மாட்டோம். சவர்க்காரம் போட்டுக் குளித்து, பவுடர் பூசி, பெண்களென்றால் தலையில் பூ வைத்து, கையில் ஆவி பறக்க ஏதாவது எடுத்துக்கொண்டுதான் போவோம். ஆறிப்போனதைக் கொடுப்பது மரியாதை இல்லை. அதனால் மூன்றாவது போத்தலுக்குப் பிறகு அக்கா சாப்பிடாமல் கிடக்கிறார் என்று தெரிந்ததும், வரிசையே குளித்துப் பூ வைத்துக்கொண்டு கிளம்பியது.

கடைசி வீட்டு அத்தை கோழிச் சூப். மிளகும் பூண்டும் நசுக்கிப் போட்டு, மூடியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும். ரெண்டாவது வீட்டிலிருந்து நெய் ஊற்றிய பொங்கல். என் மனைவி பெருங்காயம் தூக்கலாக ரசம். நானோ, யார் கொடுத்ததும் வழியில் ஆறிவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் வாங்கி இன்னொரு தரம் சூடாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு சொன்னார்:

“நீங்க எல்லாரும் நல்லவங்க. ஆனா நாறுறீங்க.”

யாருக்கும் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அத்தை வெளியே வந்து, “மல்லியப்பூ நாறுதாம்! இனிமே சாணிய வச்சுக்கிட்டுத்தான் போகணும்” என்றார். ஆனால் சூப் பாத்திரத்தைத் திருப்பி எடுத்துப் போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகினால் இல்லை.

எனக்குத்தான் பெரிய தண்டனை. எண்ணெய் வாசத்துக்கு அக்காவின் வயிறு புரண்டது. “வடை, நீ கேட்டுக்கு அங்கிட்டே நில்லு” என்று வாசல் கேட்டைக் காட்டி உத்தரவு. நான் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் போனேன். வடையைவிடச் சவர்க்காரம் மோசம் என்றார். வெறும் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனேன். “இப்ப நனைஞ்ச வடை” என்றார். கேட்டுக்கு வெளியே நின்று பேசப் பழகிக்கொண்டேன்.

மடவளையிலிருந்து வெட்டுத் துணி கொண்டுவருகிற முஸ்லிம் பெரியவர், நானா ஒருவர் இருந்தார். அக்காவுக்குப் பல வருஷமாகத் துணி கொடுக்கிறவர். காதுக்குள் அத்தர் பஞ்சு வைக்காமல் வெளியே இறங்க மாட்டார். அவர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அக்கா ஜன்னலைச் சாத்தினார்.

“எப்பிடி ஈக்கிறீங்க தங்கச்சி?” என்று நானா கேட்டில் நின்று கேட்டார்.

“நல்லா இருக்கேன் நானா. ஆனா நீங்க இன்னும் ஒரு அடி எடுத்து வச்சா செத்துருவேன்.”

நானா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் கதையைச் சொன்னேன். அவர் பஞ்சை எடுத்து வீசிவிட்டு, பைப்படியில் போய்க் காதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்து, “இப்ப?” என்றார். “இன்னும் இருக்கு” என்றது ஜன்னல். மறுபடி கழுவினார். “காது போனாலும் அத்தர் போகாது போல ஈக்கி” என்று சொல்லிவிட்டு, துணி மூட்டையைக் கேட்டுக்கு மேலாக என் கையில் போட்டுவிட்டு, தூரத்தில் நின்றபடியே அக்காவுக்காகக் கை ஏந்தித் துஆ கேட்டுவிட்டுப் போனார். போகிறவரைப் பார்த்து உள்ளே அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்து முடித்ததும் இருமல். அந்த இருமலில் பலமே இல்லை.

உண்மை என்னவென்றால், அக்கா கரைந்துகொண்டிருந்தார். ரவிக்கை தைக்கிறவரின் ரவிக்கையே தோளிலிருந்து நழுவியது. ஒவ்வொரு தடவையும் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் மருந்தை உடம்பு தாங்காது, நிறுத்தித்தான் யோசிக்க வேண்டும் என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அண்ணன் கேட்கவில்லை. என்னிடம் சொல்லும்போது டிக்கெட் கட்டைப் பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை. எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மூக்கைத் தாண்டி ஏதாவது ஒரு வாய் உள்ளே போக வேண்டும்.

நாலாவது போத்தலுக்கான நாளில் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கடையில் சொல்லிவிட்டுத் துணைக்குப் போனேன். டிபன் கேரியரில் கீழ்த்தட்டில் சோறு, நடுவில் ரசம், மேல்தட்டில் எதற்கும் இருக்கட்டும் என்று கடை இடியப்பம். ஆறாமல் இருக்க மேலே ரெண்டு துவாய் சுற்றியிருந்தேன். பஸ்ஸில் அக்கா முன் சீட்டில், நான் கடைசி சீட்டில். அவ்வளவு தூரம் அவசியம்.

நிறுக்கிற தராசில் அக்கா ஏறினார். டங் என்று ஒரு சத்தம். தராசு முள் நன்றாகத்தான் ஏறியது. மிஸி அக்காவைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், கையை நீட்டினார். அக்கா சேலைக்கொசுவத்துக்குள் கையை விட்டு, துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார்.

“வேற?” என்றார் மிஸி.

இஸ்திரிப்பெட்டி ஒன்றுதான் பாக்கி. மற்றபடி நூல்கட்டை, இரும்பு அளவுக்கோல், ரெண்டாம் கத்தரி எல்லாம் வந்தது. மிஸி சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

“என்னாக்கா இது? நீங்களா இப்படி?”

“நான் மனுஷன்கிட்டதான் உள்ளத உள்ளபடி பேசுவேன். தராசுகிட்டயும் பேசணும்னு ஏதாச்சும் இருக்கா?”

கத்தரிக்கோல் இல்லாமல் ஏறியபோது முள் கொஞ்சம்தான் அசைந்தது. டாக்டர் வந்து பார்த்தார். இன்று மருந்து இல்லை என்றார். அடுத்த கிழமை வாருங்கள், அதற்குள் சாப்பிடுங்கள், அப்போதும் இப்படி இருந்தால் வேறு மாதிரிதான் முடிவெடுக்க வேண்டும்.

நாங்கள் வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் ஒரு கோடியில், நான் மறு கோடியில். நேரம் போய்விட்டது. கேரியரைத் தொட்டுப் பார்த்தேன், பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. சூடாகக் கொடுத்தே சாப்பிடாதவர் இதையா சாப்பிடப் போகிறார்?

“இருங்கக்கா, கென்டீன்ல குடுத்துச் சுட வச்சிட்டு வந்துர்றேன்.”

“ஒக்காரு. ஒண்ணும் சுட வைக்க வேணாம். அந்த மேல் தட்ட மட்டும் தள்ளி விடு.”

கையால் தொடாமல் துவாயைப் பிடித்துப் பெஞ்சில் தள்ளிவிட்டேன். ஜில்லென்று ஒட்டிக்கிடந்த இடியப்பத்தை அக்கா விரலால் பிரித்தார். மூக்குக்கு நேராகக் கொண்டுபோனார். இன்னொரு தரம் மோந்தார்.

“இதுல ஒண்ணுமே வரலையே?”

“என்னா வரல?”

“நாயும் வரல, டயரும் வரல. சும்மா இருக்கு.”

வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். இன்னொன்று. நான் ஓடிப்போய்க் கென்டீனில் ஒரு காகிதத்தில் கொஞ்சம் சீனி வாங்கிக்கொண்டு வந்தேன். சீனியைத் தூவி, மிச்சத்தையும் சாப்பிட்டு, தட்டை வழித்தார். உள்ளுக்குள் எனக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. ஆறினதைத் தின்று சளி பிடித்துக் காய்ச்சல் வந்தால்? அந்த வழியாக வந்த மிஸியை மறித்துக் கேட்டேன்.

“ஹொந்தய், ஹொந்தய், நல்லதுதான்” என்று மிஸி தலையை ஆட்டினார். “வீட்டுல சுத்தமா செய்யணும், மூடி பிரிட்ஜில வைக்கணும், அப்புறம் குடுக்கலாம். சூடு வேணாம். சூடு இருந்தாத்தான் மணம் மேல வரும், மூக்குக்குப் போகும். ஆறினா மணம் எழும்பாது.”

இவ்வளவு நாளும் நான் சூடாக்கிச் சூடாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது எதை என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் அதற்காக வருத்தப்பட நேரம் இல்லை. ஒரு கிழமைதான் இருந்தது.

வரிசையில் போய்ச் சொன்னபோது அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை.

“நோயாளிக்கு ஆறின சோறா? நம்ம பகையாளி வந்தாக்கூட சூடாத்தானேடா போடுவோம்!”

“பகையாளிக்கு மூக்கு நல்லாருக்கும் அத்த” என்றாள் என் மனைவி.

முதல் வீட்டில் மட்டும்தான் பிரிட்ஜ் இருந்தது. அன்றிலிருந்து அதன் கீழ்த்தட்டு அக்காவுக்கு. அவித்த உருளைக்கிழங்கு, இடியப்பம், பால்சோறு, வெட்டின பப்பாசி எல்லாம் மூடி போட்டு அங்கே போய், குளிர்ந்து, கை மாறி நடுவீட்டுக்கு வரும். கொண்டுபோகிற பெண்கள் பூ வைக்கவில்லை, பவுடர் பூசவில்லை. அத்தை மட்டும் வெறும் தலையோடு தெருவில் நடக்கக் கூச்சப்பட்டு முக்காடு போட்டுக்கொண்டு போனார்.

பெரிய மாற்றம் அடுப்புகளில்தான். சுவர் கூரை வரை இல்லாத வீட்டில் ஒருத்தி மட்டும் தாளிக்காமல் இருந்து என்ன பயன்? பெண்கள் பைப்படியில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அந்தக் கிழமை முழுக்கவும், அதற்குப் பிறகு மருந்து ஏற்றிவிட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் அக்கா எழும்பி நடமாடும் வரைக்கும், வரிசையில் தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை, கருவாடு என்ற பேச்சே இல்லை. அவித்தது, வேகவைத்தது, பச்சைச் சம்பல். ஆண்பிள்ளைகளுக்கு நாக்கு செத்துப்போனது. வீட்டுக்கு வருமுன் என் கடைக்கு வந்து ஆளுக்கு ரெண்டு வடை தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு போவார்கள். முதலாளிக்கு ஏன் திடீரென்று அம்பிட்டியப் பக்கத்து ஆட்கள் இப்படி வருகிறார்கள் என்று கடைசிவரை தெரியாது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அக்கா என்னைக் கேட்டுக்குக் கூப்பிட்டார்.

“வடை, என்னா லைன்ல ஒரு சத்தத்தையும் காணோம்? கடுகு வெடிக்கிறது காதுக்குக் கேக்கணுமே. எல்லாரும் பட்டினியா?”

“இல்லக்கா, சமைக்கிறாங்க.”

“எங்க, சொல்லு. ரெண்டாவது வீட்டுல என்னா?”

“பருப்புக்கா.”

“தாளிச்சாளா?”

நான் தலையைச் சொறிந்தேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வரிசையைப் பார்த்தார். பிறகு, “பைத்தியங்க” என்றார். “தாளிக்காத பருப்பு வயித்துல கிடந்து என்னா பண்ணும்? பூண்டாச்சும் கூடப் போடச் சொல்லு.”

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் பொழுதுபட வந்ததும் வீடு வீடாக எட்டிப் பார்த்துவிட்டு, கேட்டில் நின்று ஒப்பிப்பேன். அங்கே கீரை, இங்கே கிழங்கு. அக்கா வாசமே பிடிக்காமல் அங்கிருந்தே குறை சொல்லுவார். உப்பு பத்தாது என்பார். போய்ப் பார்த்தால் உப்பு பத்தாது.

அடுத்த கிழமை தராசில் டங் சத்தம் கேட்கவில்லை. மிஸி முதலில் கையை நீட்டினார், அக்கா வெறுங்கையை விரித்துக் காட்டினார். முள் ஏறியது. கொஞ்சம்தான். ஆனால் அது இடியப்பத்தினால் ஏறிய முள். போத்தலை மாட்டினார்கள். நான் வராந்தாவில் நின்று கதிர்காமத்துப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன். அது கதிர்காமத்துப் பக்கம்தானா என்பது இன்றுவரை நிச்சயமில்லை.

மிச்சப் போத்தல்களும் அப்படியே ஏறி முடிந்தன. டாக்டர் நல்ல சேதி சொன்னார். அக்காவின் தலையில் சுருட்டை சுருட்டையாக முடி முளைத்தது. முன்பு நீட்டு முடி. “இது யாரோட முடியோ, மாத்தி அனுப்பிட்டாங்க” என்றார்.

ஆனால் மூக்கு வரவில்லை. டயரும் நாயும் போய்விட்டன, அவற்றோடு மற்றதெல்லாமும் போய்விட்டது. “வாசமும் இல்ல, நாத்தமும் இல்ல வடை. வெட்டாத வெள்ளத் துணி மாதிரி இருக்கு” என்றார். வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று மிஸி சொல்லியிருந்தார். சிலருக்குச் சுணங்கும் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு அந்த ரெண்டாவதுதான் காதில் நின்றது.

வரிசையில் மறுபடி தாளிக்கத் தொடங்கினார்கள். கருவாடும் வந்தது. ஆனால் ஒருவருக்கும் சமையல் ஓடவில்லை. என் மனைவி கடுகைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் காதைக் கொடுப்பாள். மெஷின் சத்தம் மட்டும் வரும். ரெண்டாவது வீட்டில் ஒருநாள் பருப்பு நிஜமாகவே அடிப்பிடித்து, புகை வந்து, சட்டி கறுத்தது. யாரும் கத்தவில்லை. அந்தப் பெண் கறுத்த சட்டியோடு வெளியே வந்து நின்று நடுவீட்டைப் பார்த்தாள். அக்கா தலை நிமிர்ந்து சிரித்தார், அவ்வளவுதான்.

அண்ணன் அதைவிட ஒரு படி மேலே போனார். ஒரு சம்பள நாளில் குடித்துவிட்டு, ஏலக்காய் மெல்லாமல், அக்காவுக்கு முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்து ஊதியும் விட்டாராம். “சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாராம் அக்கா. அண்ணன் என்னிடம் வந்து, “திட்டவே இல்லடா தம்பி” என்று விம்மினார். அன்றோடு குடியை விட்டார் என்று எழுத ஆசைதான். குறைத்தார் என்று சொல்லலாம்.

பெரஹரா ஊர்வல நாட்கள் வந்தன. டவுன் நிறைய ஜனம். கடையில் இடுப்பு ஒடிகிற வேலை. ஒரு மாலை வேலை முடிந்ததும் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். குளிக்கவில்லை, சட்டை மாற்றவில்லை. கையில் அக்காவுக்கு வழக்கம்போல இடியப்பம். படியேறி நடுவீட்டுக் கேட்டடிக்கு வந்த பிறகுதான் என் மேலேயே எனக்கு வாசம் தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டேன். மருந்து முடிந்து மாதங்கள் ஆகியும் கேட்டுக்கு வெளியே நிற்கிற பழக்கம் காலை விட்டுப் போகவில்லை.

அக்கா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். சுருட்டை முடிக்கு மேலே நூல் ஒன்று ஒட்டியிருந்தது. நான் கூப்பிடவில்லை. பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

மெஷின் நின்றது.

ஊசியில் ஏதாவது சிக்கியிருக்கும். அக்காவின் தலை கொஞ்சம் உயர்ந்தது. திரும்பவில்லை. அப்படியே, சுவரைப் பார்த்தபடி, ஒரு தரம் மூக்கால் இழுத்தார். இன்னொரு தரம்.

“வடை?”

நான் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“நீதானே? வாயில என்னா வச்சிருக்க?”

“நான்தான்க்கா” என்றேன்.

“ஒங்க மொதலாளிகிட்டப் போயிச் சொல்லு, அந்த எண்ணெய மொதல்ல கொட்டச் சொல்லி. எத்தன நாள் எண்ணெய்டா அது? நாறுது.”

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் கரண்டிச் சத்தம் நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது.

“அப்ப நான் போய்க் குளிச்சிட்டு வர்றேன்க்கா.”

“குளிச்சா ஒதைப்பேன்” என்றார் அக்கா, இன்னும் திரும்பாமல். “அப்படியே உள்ள வா.”